சிலாபத்தில் இருக்கிறார்

தூத்துக்குடியில் அந்த மாதா கோவில் பங்கில் பிறந்தவர் யாராக இருந்தாலும், வாழ்நாளில் ஒரு தடவையாவது எமில்டாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றுதான் ஆக வேண்டும். கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டுமா, கப்பல் வேலைக்குப் போக வேண்டுமா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமா, முதலில் கோவில் அலுவலகத்துக்கு வந்து, "அக்கா, ஞானஸ்நான சர்ட்டிபிகேட் வேணும்" என்று கேட்க வேண்டும். எமில்டா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஆளை ஒரு தடவை பார்ப்பாள்.

"நீ பொறந்தது எழுவத்தெட்டு. பொண்ணு வீட்டுல எம்பத்திரெண்டுன்னு சொல்லி வச்சிருக்க. நான் எதலே எழுதட்டும்?"

"அக்கா, மெதுவா."

"மெதுவா எழுதினாலும் எழுவத்தெட்டுதான்."

இப்படி முப்பத்தேழு வருடம். இருபத்திரண்டு வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு இப்போது ஐம்பத்தொன்பது. பூச்சி அரித்த பதிவேடுகளை மயிலிறகால் தடவுவதுபோல் புரட்டி, பிறப்பு, கல்யாணம், சாவு என்று ஊரின் முந்நூறு வருடத்தையும் தலைக்குள் வைத்திருந்தாள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை கல்யாணமாகி எத்தனை மாதம் கழித்துப் பிறந்தது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் வாயிலிருந்து ஒரு மாதம்கூட வெளியே வந்ததில்லை. ஏனென்றால், மாதம் எண்ணுகிறவர்களின் நாக்கு எப்படிச் சுடும் என்று அவளைவிட அறிந்தவர் அந்தக் கரையில் யாருமில்லை.

அவளுடைய அப்பா மிக்கேலுக்கு வயது தொண்ணூற்றாறு. ஒரு காலத்தில் கொழும்புத் தோணியில் தண்டல். தோணியின் தலைவனை அப்படித்தான் சொல்வார்கள். புயலில் பாய்மரம் ஒடிந்த தோணியை மூன்று நாள் ஓட்டிக் கரை சேர்த்தவர் என்று துறைமுகத்தில் இன்றும் பேச்சு உண்டு. அவர் போடும் கையெழுத்து மட்டும் விசித்திரமானது. 'வி. மிக்கேல்'. தகப்பன் பெயர் சந்தியாகு. முறைப்படி 'ச' என்றல்லவா இருக்க வேண்டும்? அந்த 'வி' அவருடைய தாயார் விக்டோரியாவின் முதலெழுத்து. தாயின் பெயரை முன்னால் போட்டுக்கொண்ட ஆண்பிள்ளை அந்தக் காலத்தில் கரை முழுக்கத் தேடினாலும் வேறொருவர் கிடைக்கமாட்டார்.

அதற்குக் காரணம் பதிவேட்டில் இருந்தது.

சந்தியாகு முத்துக் குளிக்கிறவன். கல்லைக் காலில் கட்டிக்கொண்டு பத்துப் பாகம், அதாவது அறுபது அடி ஆழத்துக்கு இறங்கி, மூச்சு முட்டும்வரை சிப்பி பொறுக்கி, கயிற்றை அசைத்தால் மேலே இழுப்பார்கள். 1927-ஆம் வருடம் மார்ச் மாதத்து முத்துக் குளிப்பில் அவன் கயிறு மட்டும் மேலே வந்தது. தண்ணீரில் ரத்தம் பார்த்ததாகப் படகில் இருந்தவர்கள் சொன்னார்கள். சுறா என்று முடிவாயிற்று. இந்தக் கரையில் முத்துக் குளிப்புக்குச் 'சிலாபம்' என்று பெயர். பங்குச் சாமியார் சாவுப் பதிவேட்டில் ஒரே வரி எழுதினார்: 'சந்தியாகு, சிலாபத்தில் மரித்தான். சடலம் இல்லை.' அன்றிலிருந்து அந்த வீட்டில் சுறா மீன் சட்டி ஏறியதில்லை. தெருவே சுறாப்புட்டு மணத்தில் மிதக்கும் நாளிலும் அவர்கள் வீட்டில் ரசம்தான்.

விக்டோரியாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. கீழவைப்பாரிலிருந்து வாழ வந்தவள். எழுத்து வாசனை இல்லாதவள். புருஷன் போன பிறகு, படுத்த படுக்கையாகக் கிடந்த தாயைப் பார்க்க ஊருக்குப் போனாள். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அவளுக்கு வயிறு நிறைந்திருந்தது. 1928 ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி மிக்கேலுக்கு ஞானஸ்நானம்.

மார்ச்சிலிருந்து அடுத்த ஆகஸ்டுவரை பதினேழு மாதம். தெரு விரல் விட்டு எண்ணியது.

தாலியைக் கழற்று என்றார்கள். அவள் கழற்றவில்லை. வெள்ளைச் சேலை கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை மடித்துக் குழந்தைக்குத் தொட்டில் கட்டினாள். "ஒம் புருசன் எங்களா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் சொன்னாள்: "அவரு சிலாபத்துல இருக்காரு."

கேட்டவர்கள் சிரித்தார்கள். சிலாபத்தில் இருக்கிறானாம். கடலுக்கு அடியில், சுறாவின் வயிற்றுக்குள். புத்தி பேதலித்துவிட்டது என்று சிலர் இரங்கினார்கள். புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று சிலர் கண்ணடித்து, சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கியின் மேஸ்திரி பெயரைச் சொன்னார்கள். தெருப் பிள்ளைகளுக்கு அது பாட்டாகவே ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போகும் மிக்கேலைப் பார்த்து, "ஏலே சுறா மவனே, ஒங்கப்பன் சிலாபத்துலயா இருக்கான்?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடி வருவார்கள்.

மகனுக்குப் பதினைந்து வயதாகும்போது விக்டோரியா காய்ச்சலில் போனாள். சாகும் தறுவாயில் சாமியார் பூசிய எண்ணெய் நெற்றியில் காயாமல் இருந்தபோதும் அதைத்தான் சொன்னாளாம்: "ஒங்கப்பா சிலாபத்துல இருக்காருலே."

இந்தக் கதை எமில்டாவை விட்டு வைக்குமா? இருபத்துநான்கு வயதில் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், நல்ல பையன். பரிசம் போட வந்த அன்று, மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அது சரி, ஒங்க அய்யா யாரு வழி? சந்தியாகு வழியா, சிலாபத்து வழியா?" என்று கேட்டாள். மிக்கேல் எழுந்து போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலைத் திறந்து வைத்தார். வந்தவர்கள் போனார்கள். பிறகு யாரும் வரவில்லை. வந்தாலும் எமில்டா சம்மதித்திருக்க மாட்டாள்.

ஆனாலும் ரத்தத்தை யாரால் விட முடியும்? அவள் பதினான்கு வருடம் உட்கார்ந்து தங்கள் குடும்பத்தின் வரலாற்றை எழுதினாள். ஏழு தலைமுறை. ஒவ்வொரு பெயருக்கும் பதிவேட்டின் பக்க எண் உண்டு. அப்பாவின் பிறந்தநாளுக்குப் புத்தகமாக அச்சடித்து உறவுகளுக்குக் கொடுக்க ஏற்பாடு. அதில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவள் கை பொய் சொன்னது. சந்தியாகு இறந்த தேதியை எழுதவில்லை. 'சிலாபத்தில் மரித்தார்' என்பதோடு நிறுத்திவிட்டாள். தேதி இருந்தால் மறுபடியும் எண்ணுவார்களே.

இந்த நிலையில்தான் தம்பி விக்டரின் மகன் ரெக்சன், கப்பலில் இன்ஜினியர், விடுமுறைக்கு வந்து இறங்கினான். ராட்டர்டாமில் வாங்கிய ஒரு சின்ன அட்டைப் பெட்டியும் கூடவே வந்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய். அதில் எச்சிலைத் துப்பி அனுப்பினால், நம் மூதாதையர் எந்தெந்த நாட்டவர், உலகத்தில் யார் யார் நம் ரத்தம் என்று கண்டுபிடித்துச் சொல்வார்களாம்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த எமில்டா, முன்னறையில் அப்பா குழாயை வாயில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதைப் பார்த்தாள்.

"ஏலே, தொண்ணூத்தாறு வயசுல எச்சிக்கு எங்கலே போவேன்? கடல்தண்ணி கேட்டா ஒரு குடம் தருவேன்."

"புளிய நெனச்சுக்கோங்க தாத்தா. இந்தக் கோடு வரைக்கும் வேணும்."

எமில்டா ரெக்சனைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "யாரக் கேட்டுலே இத ஆரம்பிச்ச?"

"தாத்தா எச்சிதான் அத்தை நம்மகிட்ட இருக்கிறதுலயே பழசு. நம்ம குடும்பப் பேரு பெர்னாந்துல்லா, போர்ச்சுக்கல் கேப்டன் ரத்தம் எவ்வளவு இருக்குன்னு பாக்கலாம்னுதான்."

"பேரு ஞானத்தகப்பன் குடுத்ததுலே. அந்தக் காலத்துல ஞானஸ்நானத் தண்ணி ஊத்தும்போது பக்கத்துல நின்னவன் பேரு. எழுதியே வச்சிருக்கேன், படிச்சியா?"

அவள் பயம் போர்ச்சுக்கல் அல்ல. சங்குக் கிட்டங்கி மேஸ்திரியின் பேரன் பேத்திகள் கனடாவில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இதே மாதிரி ஒரு குழாயில் துப்பியிருந்தால்? அந்தப் பெயர் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் வந்து நின்றால்? தொண்ணூற்றாறு வயதில் அந்த மனிதனுக்கு அதையா கொடுப்பது?

காது மந்தமான அப்பாவுக்கு எது கேட்டதோ தெரியாது. "எமி, இங்கன வா," என்றார். வந்து நின்றாள்.

"தெரிஞ்சுட்டே போறேன்ளா. மேல போனா, எவன்கிட்டப் போய் 'அப்பா'ன்னு நிக்கிறதுன்னு எனக்குத் தெரியாண்டாமா?"

எமில்டா அடுக்களைக்குப் போய் ஒரு துண்டு ஊறுகாய் எடுத்து வந்து அப்பாவின் நாக்கில் வைத்தாள். எச்சில் ஊறியது.

ஏழு வாரம். தினமும் கோவிலைத் திறக்கும்போது, "மாதாவே, முடிவு வராமல் போகட்டும்" என்று வேண்டினாள். சாயந்தரம் பூட்டும்போது, "வரட்டும்" என்று வேண்டினாள். எந்த வேண்டுதலைக் கேட்பதென்று மாதாவுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரெக்சன் மடிக்கணினியோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டான். முகம் தொங்கியிருந்தது.

"போர்ச்சுக்கல் பூஜ்யம் அத்தை. ஒரு சொட்டு இல்ல. அம்புட்டும் தென்னிந்தியா, இலங்கை."

"நான் பதினாலு வருசமாச் சொன்னத, அவன் எச்சியப் பாத்துச் சொல்லியிருக்கான். அவ்வளவுதான?"

"இல்ல. சொந்தக்காரங்க லிஸ்ட் ஒண்ணு இருக்கு."

எமில்டா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மொத ஆளு ரீனா பெர்னாந்து. இத்தாலில இருக்கா. தாத்தாவுக்கு அண்ணன் தம்பி பேத்தி மாதிரி வரும்னு போட்டிருக்கு. அப்பா ஒண்ணு, அம்மா வேறயா இருக்கலாமாம். சொந்த ஊரு ஏதோ... சிலா. ஸ்ரீலங்கா."

"அப்பாவுக்கு ஏதுலே அண்ணன் தம்பி? ஒத்தப் பிள்ளை." மேஸ்திரி வீட்டில் ரீனா என்று யாரும் இல்லை. அதுவரை சரி. "அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியுமான்னு கேளு. தெரிஞ்சா, அவ குடும்பம் எந்த ஊரு, யாரு வழின்னு எழுதச் சொல்லு."

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ரெக்சன் திரையை அவள் பக்கம் திருப்பினான். தட்டுத் தடுமாறி அடித்த தமிழ். இரண்டே வரி.

'எங்கட ஊர் சிலாபம். அப்பாட தாத்தா பேர் சந்தியாகு, தூத்துக்குடியில் இருந்து வந்த முத்துக் குளிக்கிறவர்.'

எமில்டா அதை ஒரு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள். சிலாபம் என்ற ஊர் அவளுக்குத் தெரியாததா? கொழும்புக்கு வடக்கே இருக்கும் ஊர். அங்கிருந்து சர்ட்டிபிகேட் கேட்டு எத்தனை கடிதம் வந்திருக்கும். அந்தச் சிலாபம் அவள் தலைக்குள் ஓர் அறையில் இருந்தது. முத்துக் குளிக்கிற சிலாபம் இன்னோர் அறையில் இருந்தது. ஐம்பத்தொன்பது வருடமாக இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அந்தச் சுவர் சத்தமில்லாமல் விழுந்தது.

எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தாள். 1928-ஆம் வருடத்துப் பதிவேடு. பக்கத்தைத் தேடவே வேண்டாம், விரலுக்கே வழி தெரியும். எத்தனை தடவை படித்த வரி.

'மிக்கேல். தாய் விக்டோரியா. தகப்பன் சந்தியாகு, சிலாபத்தில் என்று தாய் சொல்லுகிறாள்.'

மரித்தான் என்று இல்லை. சிலாபத்தில் என்று தாய் சொல்லுகிறாள். அந்தச் சாமியார் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறார். தொண்ணூற்றாறு வருடம் அந்த உண்மை அலமாரிக்குள் வாயைத் திறந்தபடியே கிடந்திருக்கிறது. முப்பத்தேழு வருடம் அதே பக்கத்தைப் புரட்டிய அவளுக்கே கேட்கவில்லை. எமில்டாவுக்கு உடம்பு முழுக்கப் புல்லரித்தது. கோவிலில் பூசையின்போது அப்பம் உயர்த்தும் நேரத்தில் வருமே, அந்த மாதிரி. அப்படியே நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டாள்.

"அத்தை, என்னாச்சு?"

"பொய் சொல்லலலே அவ," என்றாள் எமில்டா. "ஒருநாளும் பொய் சொல்லல."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரீனாவின் தகப்பனார் பெனடிக்ட் சிலாபத்திலிருந்து வீடியோவில் பேசினார். எழுபதை நெருங்கும் மனிதர். அவர் சொன்னது இவ்வளவுதான். தாத்தாவின் கெண்டைக்காலில் ஒரு பிடி சதை இருக்காது, சுறா கடித்தது. கயிறு அறுந்து நீரோட்டத்தில் போனவரைச் சிலாபத்துப் படகுக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்து பிழைக்க வைத்தார்கள். எழுந்து நடக்க ஏழெட்டு மாதம் ஆனது. அந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு தோணி பிடித்து, மனைவியைத் தேடிக் கீழவைப்பார் பக்கம் போயிருக்கிறார்.

"மூண்டு நாள் மனுசியோட இருந்தவராம். வா எண்டு கூப்பிட்டவராம். படுக்கையில கிடக்கிற அம்மாவ விட்டுட்டு எப்பிடி வாறதெண்டு அவ கேட்டவவாம். நான் சிலாபத்தில இருக்கிறன், தை பிறந்ததும் வந்து கூட்டிட்டுப் போறன் எண்டு சொல்லிட்டு வந்தவராம்."

"ஏன் போகல?" என்றாள் எமில்டா. குரல் அவளையும் மீறிக் கூர்மையாக வந்தது.

பெனடிக்ட் கையை விரித்தார். "அதை மட்டும் அவர் ஒருநாளும் சொல்லேல்ல அம்மா. பிறகு இங்க எங்கட பாட்டியக் கட்டினவர். அம்பத்தெட்டில செத்துப் போனவர். பிள்ளை ஒண்டு அங்க இருக்கெண்டு அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது." பிறகு ஒரு பழைய படத்தைக் கேமராவின் முன் காட்டினார். மணலில் ஏற்றிய படகு, அதில் சாய்ந்து நிற்கும் கிழவர். படகின் மூக்கில் பெயர் எழுதியிருந்தது: விக்டோரியா.

"இங்கிலீசு ராணிட பேர் எண்டுதான் நாங்க இவ்வளவு நாளும் நினைச்சனாங்க," என்றார்.

அங்கே ஒரு பெயரை ராணி என்று நினைத்தார்கள். இங்கே ஒரு பெயரைச் சாவு என்று நினைத்தார்கள். நடுவில் ஓர் உப்புக் கடல்.

ரெக்சன் அந்தப் படத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து வந்தான். எமில்டா அதைக் கொண்டுபோய் அப்பாவின் மடியில் வைத்தாள். மிக்கேல் முகத்துக்கு அருகில் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நான் எப்பம்ளா இந்தப் போட்டோ எடுத்தேன்? இந்தப் படகு நம்மளது இல்லியே."

"அது நீங்க இல்லப்பா," என்று அவர் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னாள். "ஒங்கப்பா. சந்தியாகு. சுறா அவர முழுங்கல, காலத்தான் கடிச்சுது. அவரு சிலாபத்துல இருந்தாரு."

"சிலாபத்துல," என்று திருப்பிச் சொன்னார் அவர், சின்ன வயதிலிருந்து கேட்ட அந்தப் பழைய வசவைச் சொல்வதுபோல்.

"ஊருப்பா. கொழும்புக்கு வடக்க இருக்கே, அந்தச் சிலாபம்."

தொண்ணூற்றாறு வயது முகம் அசையவில்லை. கண் மட்டும் படத்திலிருந்து ஜன்னலுக்குப் போயிற்று. ஜன்னலுக்கு அப்பால் துறைமுகத்தின் கிரேன்கள், அதற்கும் அப்பால் கடல்.

"எனக்குத் தெரியாத ஊராளா அது?" என்றார் மெதுவாக. "முப்பது வருசம் அந்தக் கரையப் பாத்துதான் சுக்கானத் திருப்பியிருக்கேன். தென்னை மரம் தெரியும். கோவில் தெரியும். அம்மா சொன்ன சிலாபம் வேற, இந்தச் சிலாபம் வேறன்னுல்லா நெனச்சேன். பைத்தியக்காரி சொன்ன பேச்சுல ஒரு ஊரு இருக்கும்னு எவன்ளா நெனப்பான்?"

அவருக்கு அழுகை வந்தது. எமில்டா தன் வாழ்நாளில் அப்பா அழுது பார்த்ததில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் ஒரு கையால் படத்திலிருந்த கிழவரின் காலைத் தடவினார். பிறகு படகின் மூக்கிலிருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

"அவரு கரைக்கு எதுக்கால நான் எத்தனை தடவ போயிருப்பேன்," என்றார். "அவரும் படகுல நின்னு, ஏதோ தூத்துக்குடித் தோணி போகுதுன்னு பாத்திருப்பாரு."

 ரெக்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

எமில்டா புத்தகத்தின் அச்சுப் பிரதியை எடுத்து வந்தாள். 'சிலாபத்தில் மரித்தார்' என்று இருந்த இடத்தை அடித்து, முன்பு எழுதாமல் விட்ட, அவர் கடலில் காணாமல் போன தேதியை எழுதி, 1928-ஆம் வருடத்துப் பதிவேட்டு வரியை அப்படியே கீழே சேர்த்திருந்தாள். யார் வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளட்டும். அட்டையில் அப்பாவின் பெயர் இருந்த இடத்தைக் காட்டினாள்.

"இங்க மாத்திரவாப்பா? ச. மிக்கேல்னு போட்டுருவோம். இனிமே எவன் கேக்கப் போறான்?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த எழுத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"வேண்டாம்ளா. அவர் மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. மேல போயி அப்பான்னு நிப்பேன். ஆனா வாரேன்னு சொன்னவரு வரல. இருக்காருன்னு சொன்னவ சாவுற வரைக்கும் சொன்னா." பேனாவை வாங்கி, அந்த 'வி'யின் மேலேயே ஒரு தடவை அழுத்தி எழுதினார். "அது அப்படியே இருக்கட்டும்."

பேனாவைத் திருப்பிக் கொடுத்தவர் திடீரென்று மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"காலத்தான கடிச்சுது?"

"ஆமாப்பா."

"அப்பம் நாளைக்குச் சந்தையில சொறா வந்தா ஒரு துண்டம் வாங்கு. அதுமேல எதுக்கு இன்னும் பழி?"